தொட்டிச் செடி சொல்லும் தோட்ட வரலாறு



கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர் துரைமார்களின் பெயர்களோடு தொடங்குவது வழக்கம். 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதிக்கு வந்தார். 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் தோன்றியது. இவை யாவும் உண்மையே. ஆனால், காடு திருத்தித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த நம் முன்னோரைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் குறைவு. ஆகவே, லயத்து வாசல்களில் நான் கண்ட ஒரு பூந்தொட்டியையே இங்குச் சான்றாக எடுத்துக் கொள்கிறேன்.

அத்தொட்டியில் பூப்பது கார்டினியா. மலாய்மொழியில் இதனைப் 'புங்கா சீனா', அதாவது சீனப்பூ என்பர். நம்மவர் பலர் இதனை நந்தியாவட்டை என்றே அழைக்கின்றனர். இரண்டும் வேறு வேறு செடிகள். இலையைக் கிள்ளினால் நந்தியாவட்டையில் வெண்பால் வடியும், கார்டினியாவில் வடியாது. இது காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1750-களில் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஒரு கப்பல் வழியாக இச்செடி இங்கிலாந்துக்குச் சென்றது. அதனால் இதனை ஆப்பிரிக்கச் செடியென நம்பிக் 'கேப் மல்லிகை' என்றனர். உண்மையில் இதன் தாயகம் சீனாவும் அதனையடுத்த நாடுகளுமே. அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில் வாழ்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் என்பாரைச் சிறப்பிக்கும் வகையில் இதற்குக் கார்டினியா என்று பெயரிட்டனர். பிறந்த மண்ணின் பெயர் மறைந்து, இடையில் வந்த துறைமுகத்தின் பெயரும் எவரோ ஒருவரின் பெயரும் ஒட்டிக்கொண்டன. கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

செடிகள் கடல் கடப்பதற்கு உதவியதும் ஒருவகைத் தொட்டியே. 1829-இல் இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் செடி உயிர்வாழ்வதைக் கண்டார். அம்முறையில் செய்யப்பட்ட பெட்டிகளில்தான் இராபர்ட் ஃபார்ச்சூன் 1848-க்குப் பின்னர்ச் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார். பெரிய பூ விடும் கார்டினியா வகையொன்றை 1840-களில் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தவரும் அவரே.

தேயிலைக்கும் கார்டினியாவுக்கும் இன்னோர் உறவும் உண்டு. இரண்டும் புளிப்புத்தன்மையுள்ள மண்ணையே விரும்புவன. இரவில் ஏறத்தாழ 15 முதல் 18 பாகை வரையிலான குளிர் கிடைத்தால் கார்டினியா நன்கு மொட்டுவிடும். கேமரன் மலையின் இரவு அத்தகையது.

பின் ஏன் மண்ணில் நடாமல் தொட்டியில் வைத்தனர்? லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். மண்ணில் நட்ட மரம் அங்கேயே நின்றுவிடும். தகர டின்னில் வளர்த்த செடியோ லாரியில் கூடவே ஏறிவரும். நிலம் சொந்தமில்லாதவர்களின் தோட்டக்கலை இது.

வளர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்:

1. மண்ணின் அமில அளவு 5 முதல் 6 வரை இருத்தல் நலம். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அஃது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி.
2. தொட்டியின் அடியில் துளை வேண்டும். மண் ஈரமாக இருக்கலாம்; நீர் தேங்கக் கூடாது.
3. காலை வெயில் போதும். மொட்டு விட்டபின் தொட்டியை இடம் மாற்றினாலோ மண் காய்ந்தாலோ மொட்டு உதிரும்.
4. சற்று முற்றிய கிளையை வெட்டி ஈரமணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும்.

நான்காவது குறிப்பே வரலாற்றுக்கு உரியது. ஒரு வீட்டுக் கிளை மறுவீட்டுச் செடியாகிறது. "இந்தக் கிளையை யார் கொடுத்தார்? எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது?" என்று பிள்ளைகளைத் தம் பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த வழி முழுவதும் அவ்விடையில் கிடைக்கும்.

நம் தமிழ்ப்பள்ளிகளையும் இங்கு நினைத்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவும் தோட்ட நிலத்தில் வைக்கப்பட்ட தொட்டிச் செடிகளே. இன்று தேயிலைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுந்துவிட்டனர்; நம் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்கின்றன. லயம் காலியானபின் கேள்வி கேட்கப் பிள்ளைகள் இருப்பர். விடை சொல்லப் பாட்டிமார் இருக்கமாட்டார்.

ஆகவே, இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதச் சொல்லுங்கள். செடியை எடுத்துச் செல்ல மறவாத நம்மவர், அதன் கதையையும் உடன் எடுத்துச் செல்லட்டும்.