1974: ஜனவரியில் மனிதர்கள், ஜூனில் தீவு

தேர்தல் வந்தால் கச்சத்தீவும் கூடவே வந்துவிடும். 2024 மார்ச் 31-ல் பிரதமர் மோடி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கிடைத்த ஆவணங்களைக் காட்டி, காங்கிரஸ் அந்தத் தீவைத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்றார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை. 2025 ஏப்ரல் 2-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பேச்சு எந்தப் பக்கம் தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கிற பெயர் ஒன்றுதான்: இந்திரா காந்தி.

இந்திராவைப் பற்றி நம் ஊரில் நிதானமாகப் பேசுவது கஷ்டம். ஒரு தரப்புக்கு அவர் வங்கதேசத்தை உருவாக்கியவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்கு நரசிம்ம ராவையும் ஜி. பார்த்தசாரதியையும் அனுப்பித் தமிழர்களுக்காகப் பேசவைத்தவர். "அந்தம்மா மட்டும் இருந்திருந்தா..." என்ற பெருமூச்சை எல்லோரும் கேட்டிருப்போம். இன்னொரு தரப்புக்கு அவர் நெருக்கடி நிலை கொண்டுவந்தவர், 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சியைக் கலைத்தவர், கச்சத்தீவைத் தாரை வார்த்தவர்.

இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். 1974-ல் இந்திராவும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட இன்னொரு ஒப்பந்தத்தைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. தீவு ஒப்பந்தம் ஜூனில் வந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்னால், ஜனவரி கடைசியில், சிறிமாவோ டெல்லி வந்திருந்தபோது முடிவானது அந்த இன்னொன்று. அதில் பங்கு போட்டுக்கொண்டது நிலத்தை அல்ல, 1,50,000 மனிதர்களை. உனக்கு 75,000, எனக்கு 75,000.

முதலில் ஜூன்

கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். குடிநீர் கிடையாது, குடியிருப்பு கிடையாது, ஒரு அந்தோணியார் கோயில் உண்டு. 1974 ஜூன் 26-ல் கொழும்பிலும் 28-ல் டெல்லியிலும் கையெழுத்தான ஒப்பந்தம், பாக் நீரிணையில் எல்லைக்கோட்டைத் தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போட்டது. தீவு அந்தப் பக்கம் போயிற்று.

அந்தக் காலச் சூழலையும் பார்க்க வேண்டும். 1971 போரின்போது பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்ப இலங்கை அனுமதித்திருந்தது. 1974 மே 18-ல் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதற்கு நாற்பது நாளுக்குள் இந்த ஒப்பந்தம். பக்கத்து நாடுகளைச் சமாதானப்படுத்த வேண்டிய தேவை டெல்லிக்கு இருந்தது என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது டெல்லி அல்ல என்பதுதான் தமிழ்நாட்டின் கோபம். நாடாளுமன்றத்தில் ராமநாதபுரம் எம்.பி. பி.கே. மூக்கையாத் தேவரும் திமுகவின் இரா. செழியனும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆகஸ்டில் தமிழக சட்டமன்றமும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது.

சட்டக் கேள்வியும் சின்னது அல்ல. இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று 1960-லேயே பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கச்சத்தீவுக்கு அப்படித் திருத்தம் எதுவும் வரவில்லை. "கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லையை வரையறுத்தோம்" என்பது மத்திய அரசின் பதில். 2008-ல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது இந்தக் கேள்வியைத்தான்.

மீன் போனது தீவோடு அல்ல

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு ஜனவரிக்குப் போகலாம். 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அது மீன்பிடிப்பையும் குறிக்குமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் 'உன் மீனவர் என் கடலில் மீன் பிடிக்கக் கூடாது' என்று வெளிப்படையாக எழுதப்பட்டது 1976 மார்ச் 23-ல், மன்னார் வளைகுடா எல்லை ஒப்பந்தத்தோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில். அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை, ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் கடல் உண்டு என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். பிடிபடுவது பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி, இழுவலை போடப் போன இடத்தில். 2017-ல் இலங்கை இழுவலையைத் தன் கடலில் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தப் பக்கம் வலை அறுந்து நிற்பவர்களும் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள்தான். போர் நடந்த காலம் முழுக்கக் கடலுக்குப் போக விடாமல் முடக்கப்பட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். நாளைக்கே 285 ஏக்கரும் திரும்பி வந்தாலும் இந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

இப்போது ஜனவரி

அந்த 1,50,000 பேர் யார்? மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் 19-ம் நூற்றாண்டிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் வட்டாரங்களிலிருந்து கங்காணிகள் வழியாகப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அன்னவாசல் பக்கம் வந்து பார்த்தால் காரணம் புரியும். சித்தன்னவாசல் ஓவியத்தில்தான் தாமரைக் குளம்; வெளியே எல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கிளம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அவர்கள் எப்படி இரண்டு அரசுகளின் பேரத்தில் எண்களாக ஆனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. தோட்டத் தொழிலாளர் ஓட்டு வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் போனது. அடுத்த ஆண்டே டி.எஸ். சேனநாயக்க அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அப்பா இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயன் அறையில் பிறந்தவரிடம் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? அதே 1948 மார்ச் 3-ல்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதாவது, இங்கிருந்து கிளம்பியபோது அவர்களின் முன்னோர் எந்த அரசின் குடிகளாக இருந்தார்களோ அந்த அரசே இல்லாமல் போன ஆண்டில், போய்ச் சேர்ந்த நாடும் 'நீ எங்கள் ஆள் இல்லை' என்றது.

1949-ல் இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்றார்கள். சுமார் 8,25,000 பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

நேரு ஒரு நிலையில் உறுதியாக இருந்தார்: அவர்கள் இலங்கையில் உழைத்தவர்கள், அங்கேயே பிறந்தவர்கள், இலங்கையின் பொறுப்பு, அவர்களைக் கட்டாயமாக இங்கே அனுப்பக் கூடாது. 1954-ல் கொத்தலாவலையோடு ஒப்பந்தம் போட்டும் விஷயம் தீரவில்லை. 1964 மே மாதம் நேரு இறந்தார். ஐந்தே மாதத்தில், அக்டோபர் 30-ல், சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 'மீதி'தான் 1974 ஜனவரிக்கு வந்தது. இந்திராவும் சிறிமாவோவும் அதை இரண்டால் வகுத்தார்கள். நான் மென்பொருள்காரன், எண்ணை வகுத்து மீதியைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. ஆனால் இந்தக் கணக்கைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. 5,25,000 என்பதற்கும் 3,00,000 என்பதற்கும் என்ன அடிப்படை? இத்தனை பேர் இங்கே பிறந்தவர்கள், இத்தனை பேர் அங்கே இருக்க விரும்புகிறவர்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்து வந்த எண்கள் அல்ல. சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு மாட்டுக்கு விலை பேசுவது போல வந்த எண்கள்.

மக்கள் என்ன விரும்பினார்கள் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 1964 ஒப்பந்தத்தின்படி விண்ணப்பம் வாங்கியபோது, இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் இந்தியாவின் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் இலங்கையின் ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது அவர்களில் பெரும்பாலானோர் அங்கேயே இருக்கத்தான் விரும்பினார்கள். இந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகுதான் 1974 ஜனவரியில் மறுபடியும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். என்னைக் கேட்டால் சாஸ்திரி செய்ததைவிட இதுதான் பெரிய தவறு. 1964-ல் தெரியாது என்று சொல்லலாம். 1974-ல் தெரியும்.

அப்போது தோட்டங்களில் பஞ்சம். 1973, 74-ல் உணவுப் பங்கீடு குறைந்து, பட்டினிச் சாவுகள் நடந்தன. இருக்கலாம் என்று நினைத்திருந்தவர்களையும் பசி கிளப்பியது. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து எங்கே அனுப்பினார்களோ அங்கே. 1984-ல் கப்பல் நிற்கும்வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கொஞ்சம் பேருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், கொஞ்சம் பேருக்குக் கடன், மற்றவர்களுக்குப் பிழைத்துக்கொள் என்ற வாழ்த்து. அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே வந்தால் 'சிலோன்காரன்'. எங்கள் பக்கம் இன்றைக்கும் வீட்டுக்கு அடையாளம் சொல்ல அந்தப் பெயர் பயன்படுகிறது.

கணக்காவது ஒழுங்காக முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 6,00,000 பேரை ஏற்க ஒப்புக்கொண்ட இந்தியாவிடம் விண்ணப்பித்தவர்கள் சுமார் 5,06,000 பேர். விடுபட்ட 94,000 பேருக்கும் தானே குடியுரிமை தருவதாக 1986-ல் இலங்கை ஒப்புக்கொண்டது. 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டு எஞ்சியவர்களுக்கும் கொடுத்தது. நேரு சொன்ன இடத்துக்கே கடைசியில் வந்து சேர்ந்தார்கள், நடுவே நான்கு லட்சம் பேரைக் கப்பலேற்றிவிட்டு.

ஏன் ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது?

எனக்குத் தோன்றுவது இது. தீவு வரைபடத்தில் தெரிகிறது. 'நம்முடையது, போய்விட்டது, யார் கொடுத்தது?' என்று மூன்று சொல்லில் சண்டையைத் தொடங்கலாம். ஒருவர் மேல் பழி போட்டு முடிக்கவும் செய்யலாம். மனிதர்களைப் பிரித்த கதையில் அந்த வசதி கிடையாது. அதில் சேனநாயக்க இருக்கிறார், சாஸ்திரி இருக்கிறார், இரண்டு முறையும் சிறிமாவோ இருக்கிறார், கடைசியில் இந்திராவும் இருக்கிறார். வந்தவர்களை அந்நியராகப் பார்த்த நம் ஊர்த் தெருவும் இருக்கிறது. யாரையும் தூக்கிப் பிடிக்கவோ, ஒரே ஆளைத் திட்டித் தீர்க்கவோ இந்தக் கதை உதவாது.

கச்சத்தீவைப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டத் திருத்தம் இல்லாமல் செய்தது சரியா என்பது நியாயமான கேள்வி. நெருக்கடி நிலையில் ஒரு கடிதத்தால் மீன்பிடி உரிமையை முடித்தது அதைவிட நியாயமான கேள்வி. ஆனால் இந்திராவின் இலங்கைக் கொள்கையை எடைபோட உட்கார்ந்தால், தராசில் 285 ஏக்கரை மட்டும் வைத்தால் போதாது. 1,50,000 பேரையும் வைக்க வேண்டும்.

ஒரு தற்செயலையும் குறித்துவைக்கிறேன். புதுக்கோட்டை தனி மாவட்டமாக ஆனது 1974 ஜனவரி 14-ல். இங்கே ஒரு மாவட்டம் பிறந்து இரண்டு வாரத்துக்குள், அதன் ஊர்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளை டெல்லியில் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். மாவட்ட வரலாறு எழுதுகிறவர்கள் முதல் தேதியைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்னவாசல், இலுப்பூர், கீரனூர் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் மண்டபம் முகாம் முத்திரை போட்ட குடும்ப அட்டையோ, பழைய பாஸ்போர்ட்டோ, தோட்டத்துப் பதிவுச் சீட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து வையுங்கள், கூடவே பாட்டியிடம் எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பல் ஏறினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கச்சத்தீவின் கோப்புகள் டெல்லியிலும் கொழும்பிலும் பத்திரமாக இருக்கும். இவற்றைப் பாதுகாக்க நம்மை விட்டால் ஆள் இல்லை.