ஒலி புகாத சிறு அறையின் கதை

கப்பல் ஊதும் சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த சுருதியில் இருக்க வேண்டும், 2 கடல் மைல் தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. தூத்துக்குடியில் வ.உ.சி. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது தினசரி சங்கதி. கூடவே கன்டெய்னர் லாரிகள், ஓயாத கடல் காற்று, அந்தக் காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுகள் வேறு! இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீட்டிலேயே குரல் பதிவு செய்ய ஒரு சிறு அறை கட்டினால் அவருக்கு முதல் எதிரி அந்த ஊதல்தான். ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில், பாடுகிறவருக்குத் தனியாக ஓர் அமைதியான அறை வேண்டும் என்ற எண்ணமே எப்படி வந்தது?

ஆரம்பத்தில் அப்படி ஒரு தேவையே இல்லை. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தது ஓர் ஓட்டல் அறையில்தான். அந்தக் காலத்துக் கருவியில் மின்சாரம் கிடையாது. ஒரு பெரிய புனலுக்குள் வாயை வைத்துக் கத்திப் பாட வேண்டும். தெருவில் போகிற வண்டிச் சத்தத்தைப் பிடிக்கும் அளவுக்கு அதற்குக் காது இல்லை. 1925-ல் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது வந்தது. மெல்லப் பாடினாலும் பதிவாகும் என்பது லாபம். ஆனால் மைக்குக்குக் குரலும் ஒன்றுதான், குருவியும் ஒன்றுதான். எதை விடுவது என்று அதற்குத் தெரியாது.

பேசும் படம் வந்தபோது இந்தத் தொல்லை முழுதாகத் தெரிந்தது. 1931-ல் அர்தேஷிர் இரானி பம்பாயில் 'ஆலம் ஆரா'வை எடுத்தபோது ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பகல் முழுக்க ரயில். அதனால் நள்ளிரவு கடந்து, ரயில்கள் ஓய்ந்த நேரத்தில் படம் பிடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31-ல் வெளியான 'காளிதாஸ்', நம் முதல் தமிழ்ப் பேசும் படம், அதே பம்பாயில் எடுக்கப்பட்டதுதான். 1934-ல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டுடியோவைத் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவருடைய மனைவி மீனாட்சி என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வெயில் வெளிச்சத்தில் திறந்த வெளியில் படம் எடுத்த அந்த நாட்களில் சென்னையின் காகங்கள் பெரும் இம்சையாக இருந்தன. அவற்றை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்ததாகத் திரைப்பட வரலாற்றாளர் ராண்டார் கை எழுதியிருக்கிறார். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு காகம் கரைந்தால் ஒரு ஷாட் வீண், அத்தனை பிலிமும் வீண்.

பம்பாய்க்காரர்களுக்கு முன்பே இந்த இரவு வேலையைச் செய்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததால் அடுத்த சொல் அதன் மேல் ஏறிக்கொண்டது. 1895-ல் இந்தச் சிக்கல் இளைஞரான சபைனிடம் வந்தது. தெருவில் டிராம் ஓடாத நடு இரவில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அதிலிருந்து அவர் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தை, அறைக்கு உள்ளே எழும் ஒலியைத்தான் அடக்கியது. வெளியே ஓடும் டிராமை அதனால் நிறுத்த முடியவில்லை. அதனால்தான் அவர் இரவில் வேலை செய்தார்! இந்த வித்தியாசம் தெரியாமல் இன்றைக்கும் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் குரல் தனியே பிரிந்தது 1938-ல். ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். பாடுகிறவர் இனி கேமராவுக்கு முன் நிற்க வேண்டியதில்லை, எங்கோ ஓர் அறையில் நின்று பாடினால் போதும். ஆனால் அந்த அறை எளிதில் கிடைத்துவிடவில்லை. உலகப் போரின்போது குண்டு விழும் என்ற பயத்தில் சென்னை காலியானதால் மெய்யப்பன் காரைக்குடிப் பக்கம், தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகள் போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே உருவானதுதான். பிறகு ஸ்டுடியோவை வடபழனிக்கு மாற்றினார்.

அடுத்த நாற்பது ஆண்டுகள் பெரிய கூடங்களின் காலம். ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, பாடகர் கூடவே பாடுவார். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்த நெருக்கடியில் ஓர் அழகும் இருந்தது. ஆனால் அந்தக் கூடங்கள் இருந்தது கோடம்பாக்கத்தில். தூத்துக்குடியில் நல்ல குரல் உள்ள ஒருவர் என்ன செய்வார்? முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் திருநெல்வேலி வானொலி நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் சக்தி கொண்ட வானொலிப் பரப்பி நிறுவப்பட்டு, நெடுங்காலம் தமிழ், சிங்கள நிகழ்ச்சிகளைக் கடல் தாண்டி இலங்கைக்கு அனுப்பியது. ஊரில் இருந்து குரல் கடல் கடந்தது, உள்ளூர்க் குரல் பதிவாவதற்கு ரயில் ஏற வேண்டியிருந்தது.

இதை மாற்றியது ஒரு வீட்டின் பின்புறம் என்று சொன்னால் மிகையில்லை. 1989-ல் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டிலேயே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அப்போது அவருக்கு வயது 22. தந்தை ஆர்.கே. சேகர் 1976-லேயே இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. கூடத்துக்குக் கருவி வாங்கத் தாய் கரீமா பேகம் நகைகளை விற்றுப் பணம் கொடுத்ததை ரஹ்மானே சொல்லியிருக்கிறார். விளம்பர இசையில் தொடங்கிய அந்த அறையின் பெயர் 1992-ல் 'ரோஜா'வுக்குப் பிறகு நாடு முழுக்கத் தெரிந்தது. பாடகர் தனியாக வந்து பாடுவார், வயலின் இன்னொரு நாள் வரும், எல்லாவற்றையும் பிறகு சேர்ப்பார்கள். பெரிய கூடத்தில் ஒன்றாக வாசித்துப் பிழைத்த கலைஞர்கள் பலருக்கு இந்தப் புதிய முறையால் வேலை குறைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 2005-ல் ரஹ்மான் தம் பெரிய ஸ்டுடியோவைத் திறந்தபோது அதற்கு 'ஏ.எம். ஸ்டுடியோஸ்' என்று ஏ.வி. மெய்யப்பனின் பெயரை வைத்தார்.

அதன் பிறகு கம்ப்யூட்டரும் மைக்கும் மலிவாயின. 2020 ஊரடங்கில் குரல் கலைஞர்கள் பலர் துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிப் பதிவு செய்தார்கள். சபைனின் மெத்தைதான், வேறொன்றும் இல்லை.

இப்போது தூத்துக்குடி வீட்டுக்கு வருவோம். ஒலியைத் தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரே கனமான சுவரைவிட, ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்கள் மேல். நடுவில் காற்று இடைவெளி, அதில் கண்ணாடிப் பஞ்சு. உள் அறை தரையையும் தொடாமல் ரப்பர் மேல் நின்றால் லாரி அதிர்வு ஏறாது. ஆனால் தாழ்ந்த சுருதி நீண்ட அலை. மெல்லிய சுவரை அது அப்படியே அசைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். கப்பல் ஊதலைத் தடுப்பது கடினம் என்றது இதனால்தான்.

அதைவிட மோசம் கதவின் கீழ் இடுக்கு. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. சதுரமாக நாலுக்கு நாலு அடியில் கட்டினாலும் வம்புதான். அந்த அகலத்துக்குச் சுமார் 140 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களுக்கு இடையே நின்று முழங்கும். ஆண் குரல் இருப்பதும் அந்தப் பக்கம்தான். பதிவைக் கேட்டால் பீப்பாய்க்குள் பேசுவது போல் இருக்கும். மூலைகளில் கனமான பஞ்சு மூட்டை வைத்தால் ஓரளவு அடங்கும். ஊரில் கிடைக்கும் தென்னை நார் மெத்தையும் எதிரொலியைக் குடிக்கும், ஆனால் கீச்சுக் குரலை அடக்குகிற அளவுக்குத் தாழ்ந்த முழக்கத்தை அடக்காது.

கடைசியாக மூச்சு. காற்றுப் புகாத பெட்டியில் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நின்று பாட யாராலும் முடியாது. மின்விசிறி போட்டால் மைக் அதையும் பிடிக்கும். உள்ளே பஞ்சு ஒட்டிய, இரண்டு மூன்று முறை வளைந்து செல்லும் மரக் குழாய் வழியாகக் காற்றை மெதுவாக இழுப்பதே வழி. வளைவுகளில் காற்று போய்விடும், சத்தம் பஞ்சில் தங்கிவிடும். உப்புக் காற்று ஆணியையும் கீலையும் தின்னும் என்பதால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவது நல்லது. கீல் துருப்பிடித்துக் கதவு சற்றே இறங்கினால் போதும், அடியில் இடுக்கு விழுந்துவிடும். அப்புறம் கப்பல் எதற்கு, தெருவில் போகிற ஆட்டோவே உள்ளே வந்துவிடும்.