கொட்டாமல் வைத்த கசடு

பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கரண்டி மோர் போதும், ஒரு பானைப் பால் தயிராகிவிடும். அதிலிருந்து ஒரு கரண்டி மறுநாளைக்கு உறை. சாக்கடை நீரைத் தெளியவைக்கும் பழுப்புக் கசடும் இப்படித்தான் தொட்டிக்குத் தொட்டி, ஊருக்கு ஊர் கைமாறி வந்திருக்கிறது.

1912-இல் மான்செஸ்டர் வேதியியலாளர் கில்பர்ட் ஃபௌலர் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்துக்குப் போனார். அங்கே பாட்டில்களில் கழிவுநீரை ஊற்றிக் காற்றைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள், நீர் தெளிந்திருந்தது. ஊர் திரும்பியவர், டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரையும் அதைச் செய்து பார்க்கச் சொன்னார்.

வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று பாட்டில்களைப் பழுப்புக் காகிதத்தால் மூடினார்கள். முதல் தடவை நீர் முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அடியில் கசடு படிந்தது. அதுவரை வழக்கமாகக் கொட்டிவிடும் அந்தக் கசட்டை அவர்கள் கொட்டவில்லை. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, கசட்டின் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் காலம் குறைந்தது. வாரங்கள் நாட்களாயின, நாட்கள் மணிநேரங்களாயின. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் இதை அறிவித்தார்கள்.

அந்தக் கசடு முழுக்க உயிர். ஆற்றிலும் மண்ணிலும் நம் குடலிலும் வாழும் பாக்டீரியாக்களே அதில் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் அவை சுரக்கும் சர்க்கரையும் புரதமும் கலந்த பிசின், நீரிலுள்ள கால்சியத்தின் துணையோடு அவற்றை ஒட்டவைக்கிறது. தனியே திரிபவற்றை அவற்றைவிடப் பெரிய ஒருசெல் உயிரிகள் தின்றுவிடும். ஒட்டிக்கொண்டவை பெரும்பாலும் தப்பும். திரண்ட கூட்டம் நீரில் மிதக்கும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு கனத்துப் படிகிறது. படிகாரம் செய்யும் வேலையை இவை உயிரோடிருந்தபடியே செய்கின்றன.

அந்த அறிவிப்புக்கு முந்தைய ஆண்டு, 1913-இல், ஃபௌலரும் மம்ஃபோர்ட் என்பவரும் நிலக்கரிச் சுரங்க நீரில் கிடைத்த ஒரே ஒரு பாக்டீரியாவைக் கொண்டு, இரும்பு உப்பும் காற்றும் சேர்த்துக் கழிவுநீரைத் தெளியவைக்க முயன்றிருந்தார்கள். பின்னால் உலகம் சுற்றியதோ அந்தத் தனி ஒருவன் அல்ல, பெயர் தெரியாத இந்தக் கூட்டம்தான். 1916-இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரம் இந்த முறையைக் கையாண்டது. அமெரிக்காவின் மில்வாக்கி, மிஞ்சிய கசட்டை உலர்த்தி உரமாக விற்றது. ஃபௌலரே 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கழிவிலுள்ள தழைச்சத்து வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் இங்கே விடாமல் பேசிய விஷயம்.

சென்னை கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இன்று நடப்பது அதே வேலைதான். காற்றூதும் தொட்டியில் நீர் கொதிப்பதுபோல் புரளும். அடுத்த தொட்டியில் கசடு அடங்கும். அதில் ஒரு பங்கு முதல் தொட்டிக்கே திரும்பிப் போகும். அதுதான் உறை. புது நிலையம் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்திலிருந்து லாரியில் கசடு எடுத்துப்போய் ஊற்றுவதும் உண்டு.

இந்தக் கூட்டத்துக்குக் காற்று குறைந்தாலும், ஆலை நச்சு கலந்தாலும் கட்டுக் குலையும். நூல்போல நீளும் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டால், கசடு பஞ்சுபோல் உப்பி, அடங்க மறுக்கும். அதனால் நிலையத்து ஊழியர் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டி நீரை மொண்டு வைத்து, அரைமணி நேரம் பார்ப்பார். பழுப்புத் திரள் மெல்ல இறங்கும்; மேலே நீர் தெளியும். ஆற்றங்கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் நம்மில் ஒவ்வொருவரும் அந்த அரைமணி நேரத்தை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாம் அழுக்கென்று ஒதுக்கியதுதான் அங்கே நம் அழுக்கைச் சுமந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.