பேறுகாலத் துணை

பேறுகாலத் துணை: இடுப்பு வலி கண்டது முதல் குழந்தை பிறக்கும்வரை தாயை விட்டு அகலாமல், கைப்பிடித்தும் இடுப்பை நீவியும் நடக்கவைத்தும் தேற்றும் பெண். மருத்துவம் பார்ப்பது இவர் வேலையன்று. அது மருத்துவச்சிக்கும் செவிலிக்கும் உரியது. மேலைநாட்டார் இவரை டூலா என்பர். பணிப்பெண்ணைக் குறிக்கும் இக்கிரேக்கச் சொல்லை, மானிடவியலாளர் டேனா ராஃபேல் தாய்ப்பால் பற்றிய தமது 1973ஆம் ஆண்டு நூலால் பரப்பினார். பெயர்தான் புதிது, துணை பழையது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மகள் பேறுகாலத்துக்குப் புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் மறித்தபோது, சிவனே தாயாக வந்தார் என்பது திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதை. புராணம் வரலாற்றுச் சான்றாகாது. ஆனால் இறைவன் மருத்துவச்சியாக வராமல் அம்மாவாக வந்தார் என்று சொன்ன சமூகம், இவ்விரண்டு பணிகளையும் வேறுபடுத்தியே அறிந்திருந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இத்துணையைத் தானாகவே தந்தது. பேறு மருத்துவமனைக்கு மாறியதும் அம்மா கதவுக்கு வெளியே நின்றார். பழைய வீட்டுப் பேற்றை இதற்காகப் போற்ற வேண்டியதில்லை. தாயும் சேயும் மாண்ட கணக்கு அதற்குள் உண்டு. இழந்தது சிகிச்சையன்று, துணை மட்டுமே. அதைத் திரும்பத் தரத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இல் தனித் திட்டமே தேவைப்பட்டது. மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் தந்தது. துணை வெறும் ஆறுதல்தானே என்பாருக்கு 2017ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு விடை தருகிறது: 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம், தொடர்ந்த துணை இருந்தபோது வலிநேரம் குறைந்தது, இயல்பான பேறு கூடியது. தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 44.9 விழுக்காட்டுப் பேறுகள் அறுவையால் நிகழ்ந்திருக்க, இது சிறு செய்தியன்று.

அதே தொகுப்பு சங்கடமான ஒன்றையும் காட்டுகிறது. அறுவையைக் குறைப்பதில் உறவினரைவிட, டூலாவாக வந்தவரின் துணையே முந்தியது. அம்மாவுக்கு அன்பு உண்டு, அச்சமும் உண்டு. ஆகவே அவரை விலக்குவதைவிட, முன்கூட்டியே நான்கு விஷயம் சொல்லிக்கொடுத்து உள்ளே விடுவதே தக்கது. கூட்டமும் தொற்றும் சேரும் என்ற தடைக்கு, ஒருவர் மட்டும், நோயற்றவர், இயன்றால் தாமே பிள்ளை பெற்றவர் என்ற விதிகள் போதும். கணவர் வரலாமா என்பதை மத்திய அரசின் வழிகாட்டுதல் பிற பெண்களின் மறைவோடு இணைத்தது. கட்டில்களுக்கிடையே திரையில்லாத அறையில் அவருக்கு இன்றும் இடமில்லை.