தறிக்குழியும் நெசவாளர் கால்களும்

காஞ்சிபுரம் பட்டு நெசவில் மரபாகப் பயன்படுவது குழித்தறி. நெசவாளர் தரையில் அமர்ந்து, இரு கால்களையும் குழிக்குள் இறக்கி மிதிகளை இயக்குகிறார். கைகள் நாடாவை எறிந்து பண்ணையை அடிக்க, பாவு நூல்களைப் பிரித்து நாடாவுக்கு வழிவிடும் வேலை கால்களுடையது. இத்தறியில் காலப்போக்கில் வந்த மாற்றங்கள் கைவேலையையும் ஆள் தேவையையும் குறைத்தன. காலின் சுமை கடைசியாகவே கவனிக்கப்பட்டது.

குழியின் பயன்

குழித்தறியின் மரங்கள் தரையில் ஊன்றப்படுவதால் தறி அசையாமல் நிற்கும். குழியிலிருந்து வரும் ஈரப்பதம் பட்டிழை அறுந்துபோவதைக் குறைக்கும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடே தறிக்கூடமாக இருந்ததற்கு இந்த எளிய அமைப்பும் ஒரு காரணம். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் வேலை நிற்கும். 2015 பெருமழையில் பல தறிக்குழிகள் நீரில் மூழ்கின.

நூலுக்கு ஏற்ற இந்த அமைப்பு காலுக்கு ஏற்றதாக இல்லை. ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி வேண்டும். அங்குலத்துக்கு 60 ஊடை எனக் கொண்டால், 6 கெஜச் சேலையின் 216 அங்குலத்துக்கு 12,960 முறை மிதிக்க வேண்டும். உடலின் மற்ற பகுதி இருந்த இடத்திலேயே இருக்க, கெண்டைக்காலும் முன்பாதமும் ஒரே அசைவை நாள் முழுதும் செய்கின்றன.

கைக்கு வந்த மாற்றங்கள்

1733இல் இங்கிலாந்தில் ஜான் கே உருவாக்கிய விசைநாடா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பரவியது. அதை ஊக்குவித்தவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் குறிப்பிடத்தக்கவர். காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலைக்கு அது எளிதில் பொருந்தவில்லை. உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனியாக மூன்று நாடாக்கள் ஓட, வெவ்வேறு நிற ஊடைகள் ஒவ்வொரு வரிசையிலும் கோக்கப்பட வேண்டும். இதற்கு உதவியாளர் ஒருவர் தேவைப்பட்டார்.

புட்டாவும் கரை வடிவமும் முன்பு அடை முறையில், கட்டப்பட்ட நூல்களைக் கையால் தூக்கி நெய்யப்பட்டன. 1804இல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த கருவி, 20ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது அந்த வேலையை அட்டைகள் ஏற்றன. ஆனால் ஜக்கார்டு பெட்டியின் கொக்கிகளை உயர்த்துவதும் மிதிதான். வடிவம் பெரிதாகத் தூக்க வேண்டிய எடையும் கூடியது. அடை தூக்கியவரின் உழைப்பில் ஒரு பகுதி நெசவாளரின் காலுக்கு இடம் மாறியது.

காலின் நோவு

தொழில் நோய்களைப் பற்றி 1700இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, 1713 பதிப்பில் நெசவாளர்களையும் சேர்த்தார். கையும் காலும் முதுகும் ஒருங்கே உழைக்கும் தொழில் என அதை அவர் கண்டார்.

முன்பாதத்தால் அழுத்தும்போது கெண்டைத்தசை சுருங்குகிறது. தசை சுருங்கிய நிலையிலேயே நெடுங்காலம் பழகினால் என்ன ஆகும் என்பதற்கு உயர்குதிச் செருப்பு ஒரு சான்று. 2010இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், அத்தகைய செருப்பை நீண்டகாலம் அணிந்த பெண்களின் கெண்டைத்தசை நார்கள் சுமார் 13 விழுக்காடு குறுகியிருந்தன. குதிகால் நாணும் விறைத்திருந்தது. குதிகாலைத் தரையில் முழுதாக ஊன்றும்போது அவர்களுக்கு வலி ஏற்படுவதன் காரணம் இதுவே.

நெசவாளரின் மிதி இடைவிட்டு நிகழ்வது. செருப்பைப் போல் பாதத்தை ஒரே நிலையில் வைப்பதன்று. ஆயினும் உழைப்பது அதே தசை. அதனால் இரண்டுக்கும் ஒரே வகை நீட்டல் உதவும். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையில் பதித்து, முழங்காலை நேராக வைத்து அரை நிமிடம் நிற்க வேண்டும். பின்னர் முழங்காலைச் சற்று மடக்கி அதையே செய்தால் உள்தசையும் நீளும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் இரத்தக்கட்டாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் வேலை நெசவாளரை எழுந்து நடக்க வைத்தது. ஆயத்தப் பாவு வாங்கித் தறியில் மட்டும் அமர்பவருக்கு அந்த நடையும் இல்லை.

சுமை குறைப்பு

ஜக்கார்டை மோட்டாராலோ காற்றழுத்தத்தாலோ உயர்த்தும் கருவிகள் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. தறி மேம்பாட்டுக் கருவிகளின் விலையில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. மோட்டார் பூட்டிய தறியைக் கைத்தறி எனலாமா என்ற வாதமும் உடன் எழுந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறியையே கைத்தறி என வரையறுக்கிறது. காஞ்சிபுரம் பட்டின் மதிப்பும் கைநெசவைச் சார்ந்தது.

நாடாவும் கோர்வையும் கையிலேயே இருக்க, தூக்கும் பாரத்தை மட்டும் கருவி ஏற்பதே இக்கருவிகளின் நோக்கம். மிதிக்கும் கால் ஓய்ந்தால் கூலி நிற்கும் வீடுகளில், அத்தொழிலில் இன்னும் எத்தனை ஆண்டுகள் நீடிக்க முடியும் என்பதை அந்தச் சிறிய மாற்றமும் தீர்மானிக்கிறது.