ஒரு பெட்டிக்கு ஒரு நாயகி

காமிக்ஸ் நாயகிகள், வில்லிகளின் பழைய ஆக்‌ஷன் ஃபிகர்களைச் சேகரிப்பாளர்கள் இன்று பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அவை அபூர்வமாகிப் போனதற்குப் பொம்மைத் தொழில் நெடுங்காலமாகச் சொல்லிவந்த காரணம் ஒன்றுதான்: பெண் உருவத்தைப் பையன்கள் வாங்க மாட்டார்கள். அமெரிக்காவில் இத்தொழில் நடந்துவந்த வழியைப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்கவில்லை. வாங்குவோர் ஒதுக்கும் முன்பே, வார்ப்பு அச்சின் செலவும் கடைகளில் அலமாரி பிரித்த முறையும் பெண் உருவங்களை ஒதுக்கிவிட்டன.

1959இல் மேட்டல் நிறுவனத்தின் பார்பி சிறுமிகளுக்காக வந்தது. 1964இல் ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோவைச் சிறுவர்களுக்காகக் கொண்டுவந்தபோது, அதைப் பொம்மை என்று யாரும் அழைத்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆக்‌ஷன் ஃபிகர் என்று பெயரிட்டது. அதன்பின் கடைகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். 1967இல் இரண்டு முயற்சிகள் இந்தப் பிளவில் விழுந்தன. ஹாஸ்ப்ரோவின் ராணுவச் செவிலி ஒன்று. ஐடியல் நிறுவனத்தின் 'சூப்பர் குவீன்ஸ்' வரிசை மற்றொன்று; வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள், மேரா ஆகிய நால்வரும் ஏறக்குறைய ஓரடி உயரத்தில் அதில் வந்தார்கள். இரண்டுமே விற்கவில்லை. பெண் உருவம் போகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் செவிலியை வைத்தது பையன்களின் போர் பொம்மைகளுக்கு நடுவே. சூப்பர் குவீன்ஸோ பார்பியின் உயரத்தில், பார்பி ஏற்கெனவே ஆண்டுகொண்டிருந்த இடத்தில் மோத வேண்டியிருந்தது. சாகசக் கதை படித்த சிறுவனும் சிறுமியும் ஒரே அலமாரியில் இவர்களைத் தேடும் வாய்ப்பு இரண்டு முறையும் அமையவில்லை. பொருள் பரிசோதிக்கப்பட்டது என்று சொல்வதைவிட, அலமாரி பரிசோதிக்கப்பட்டது என்பதே சரி.

மெகோ நிறுவனத்தின் கணக்கு வேறு. 1970களில் அது விற்ற எட்டு அங்குல உருவங்களில் கை கால் மூட்டுகளை உள்ளேயிருக்கும் எலாஸ்டிக் இழுத்துப் பிடிக்கும். உடல் ஒன்றே, தலையும் துணி உடையும் மட்டும் மாறும். ஒரு பெண் உடலுக்கு அச்சு செய்துவிட்டால், வொண்டர் வுமன், சூப்பர்கேர்ள், பேட்கேர்ள் என்ற நாயகிகளோடு கேட்வுமன் என்ற வில்லியும் அதிலிருந்தே பிறப்பார்கள். 'ஸ்டார் டிரெக்'கின் உஹுராவும், 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' கதையின் டோரத்தியும் அந்த அளவிலேயே வந்தார்கள். செலவு பலர் தலையில் பகிரப்பட்டதால் பெண்கள் இடம்பெற்றார்கள். 1978இல் கென்னரின் 'ஸ்டார் வார்ஸ்' உருவங்கள் சந்தையைப் பிடித்த பிறகு உடையும் பிளாஸ்டிக்கிலேயே செதுக்கப்பட்டது. புதிதாக ஒரு பெண் வேண்டுமென்றால் பெரும்பாலும் புதிதாக ஓர் அச்சு வேண்டும். நாயகிகளின் வீழ்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

அதன் உச்சம் 1984. மேட்டலின் பொம்மை வரிசைக்குத் துணையாகவே மார்வெல் 'சீக்ரெட் வார்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ்த் தொடரை வெளியிட்டது. அந்தக் கதையில் ஸ்டார்ம், ரோக், வாஸ்ப், ஷீ-ஹல்க், என்சான்ட்ரஸ் என்று பெண்கள் நிறைந்திருந்தார்கள். டைட்டானியா, வால்கேனா என்ற இரு வில்லிகள் அதிலேயே முதன்முதலாகத் தோன்றினார்கள். கடைக்கு வந்த பொம்மைகளில் ஒரு பெண் கூட இல்லை. அதே காலத்தில் கென்னரின் 'சூப்பர் பவர்ஸ்' வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள். பெண் என்றால் வொண்டர் வுமன் ஒருத்திதான். மேட்டலுக்குப் பெண் உருவம் செய்யத் தெரியாமலா போயிற்று? ஹீ-மேன் வரிசையில் டீலாவையும் ஈவில்-லினையும் முன்பே செய்திருந்தது. 1985இல் ஷீ-ராவைச் சிறுமிகளுக்கென்று தனியாகவே இறக்கியது. இதை அநீதி என்றே சொல்ல வேண்டும். கதையில் ஆண்களோடு சேர்ந்து சண்டையிட்டவர்களை, கேட்டவர் இல்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். கேட்டுப் பார்க்க ஒரு பொம்மையைக்கூட அலமாரியில் வைக்கவில்லை.

1990களில் டாய் பிஸ் 'எக்ஸ்-மென்' வரிசையில் ஸ்டார்மும் பின்னர் ரோக்கும் வந்தார்கள். 1992இல் கென்னர் சாட்டை வீசும் கேட்வுமனைக் கொண்டுவந்தது. ஆனால் கடைக்கு அனுப்பும் பெட்டியில் முக்கிய நாயகன் பல பிரதிகளாக இருக்க, பெண் பெரும்பாலும் ஒன்றே. இப்படி அனுப்பிவிட்டு, விற்பனை குறைவு என்று கணக்குக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? பெட்டியில் ஒன்றிருந்தால் ஒன்றுதான் விற்கும். தயாரிப்பாளரின் எச்சரிக்கையில் நியாயமே இல்லை என்பதல்ல. விற்காத உருவம் கொக்கியில் தொங்கியபடி அடுத்த சரக்கின் இடத்தை அடைக்கும், கடைக்காரர் புதிய பெட்டி எடுக்க மாட்டார். ஆனால் அதே இடத்தில் தேங்கிக் கிடந்த ஆண் உருவங்களைக் காட்டி ஆண்களே விற்க மாட்டார்கள் என்று எவரும் முடிவு கட்டியதில்லை.

இந்த நம்பிக்கை பொம்மைக் கடையோடு நிற்கவில்லை. 2013இல் வெளிவந்த 'அயர்ன் மேன் 3' படத்தின் வில்லன் முதலில் ஒரு பெண்ணாக எழுதப்பட்டிருந்ததாகவும், பெண் பொம்மை விற்காது என்ற மேலிடத்தின் கவலையால் ஆணாக மாற்றப்பட்டதாகவும் இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் சொன்னார். 1984இல் கதையிலிருந்த வில்லிகளுக்கு அச்சு கிடைக்கவில்லை. இம்முறை அச்சுக் கணக்கு கதைக்குள்ளேயே புகுந்து வில்லியை எடுத்துவிட்டது.