இரு கம்பிகளின் சமநிலை

ஒலிபரப்பின் வரலாற்றைக் கூறுவோர் ஒலிவாங்கியைப் போற்றுவர். பரப்பு நிலையத்தைப் போற்றுவர். இடையே கிடக்கும் கம்பியை மறந்துவிடுவர். கண்டியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 72 மைல். மலைநகரில் எழும் உரையும் நாகசுரமும் மாசுபடாது தலைநகரை அடைவதற்குத் துணைநின்ற கம்பியின் கதையே இன்றைய பேச்சு.

தொலைபேசி தோன்றிய காலத்தில் ஒற்றைக் கம்பியே இழுக்கப்பட்டது. மின்னோட்டம் திரும்பும் வழியாகப் பூமி பயன்பட்டது. மேனாட்டு நகரங்களில் மின்விளக்கும் டிராம் வண்டியும் பெருகியபோது, அவற்றின் இரைச்சல் பேச்சினுள் புகுந்தது. 1881ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல், இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையில் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாகப் படிகின்றது. மறுமுனையிலுள்ள கருவியோ இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மட்டுமே ஏற்கின்றது. ஆகவே, சமமாக வந்த இரைச்சல் கழிந்துபோக, பேச்சு மட்டும் எஞ்சுகின்றது.

இலங்கையில் ஒலிபரப்புக்கு வித்திட்ட எட்வர்ட் ஹார்ப்பர், தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே முதற் பரப்பியை அமைத்தனர் என்பர். கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. அக்கட்டளையகத்தின் படைவீரருக்கெனக் கொழும்பில் எழுந்த வானொலியின் சாதனங்கள், 1949இல் மலர்ந்த இலங்கை வானொலிக்கு உரமாயின.

அன்று தந்தித் திணைக்களத்தாரின் கவலையாயிருந்தது, இன்று வீட்டிலே ஒலிக்கலவைக் கருவி அமைக்கும் இளைஞரின் கவலையும் ஆகும். அவர் கருவியின் வெளியீடு பெரும்பாலும் ஒற்றைக் கம்பியும் அதைச் சூழ்ந்த உறையுமே. மேசைமேல் அது போதும். கோயில் மண்டபத்திலிருந்து நூறடி தள்ளியுள்ள ஒலிபெருக்கிக்குக் கொண்டுசென்றாலோ, 50 சுற்று மின்சாரத்தின் முரலொலி தேவாரத்தோடு கலந்துவிடும்.

இதற்கு எளிய பரிகாரம், 600 ஓம் தடைக்குரிய, ஒன்றுக்கொன்று விகிதமுள்ள ஒலி மின்மாற்றியை வெளியீட்டில் இணைப்பதாகும். அதன் இரண்டாம் சுருளின் இரு முனைகளும் இரு கம்பிகளுக்குச் செல்லவேண்டும். அவற்றுள் ஒன்றையேனும் பூமியோடு பிணைத்தல் கூடாது. உறைக்கம்பி தனியே நிற்கும்.

மின்மாற்றி கிடையாதெனில் இன்னொரு வழியுண்டு. ஒலி செல்லும் கம்பியில் 100 ஓம் தடையொன்றை இடுக; இரண்டாம் கம்பியை அதே அளவுள்ள மற்றொரு தடையினூடாகப் பூமியோடு இணைக்க. இரண்டாம் கம்பியில் ஒலியே இராது. ஆயினும் முரல் கழிந்துவிடும். ஏனெனில், சமமாயிருக்கவேண்டியது கம்பிகள் சுமக்கும் ஒலியன்று, அவை பூமிக்குக் காட்டும் தடையே. பெறும் கருவி மட்டும் வேறுபாட்டை உணரும் உள்ளீடு உடையதாயிருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் இம்முயற்சி வீணாகும்.

பெருஞ்செலவின்றி இரு தடைகளால் இது கைகூடுகின்றது. பெல் கண்ட உண்மை, நூற்றாண்டு கடந்தும், சிற்றூர்த் திருவிழாவில் ஓதுவாரின் குரலைக் காத்து நிற்கின்றது.